தபசுக் கூட்டம் அசையாமல் நின்றது

1

காசிராஜன் அண்ணாச்சி மதராஸ் மெயில் ஏற இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. அவருடைய தோல்பெட்டிக்குள், சட்டைகளுக்கு நடுவில், நான் எடுத்த படச்சுருள் ஒரு தகர டப்பாவில் இருக்கிறது. பெட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அண்ணாச்சி கோயிலுக்குப் போயிருக்கிறார். நான் மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கதை எப்படி வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்றுச் சாயங்காலம் அந்தச் சுருளை அண்ணாச்சி எங்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். பார்த்துவிட்டு என்னைப் புகழ்ந்தார். இதுவரை யாரும் என்னை அவ்வளவு நேரம் புகழ்ந்ததில்லை. அவர் புகழ்ந்த காரணம் தவறு. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது என் அனுமானம். [அடித்தது: எழுத்து என்பது மனத்தின் —] அனுமானம் மட்டும்தான்.

அந்தக் காரணத்தை உங்களுக்கும் இப்போது சொல்லப்போவதில்லை. சொல்லிவிட்டால் இனி வரும் பக்கங்களில் நீங்கள் அண்ணாச்சியைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அவர் சிரிக்கத் தக்கவர் இல்லை. அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி.

2

எப்படித் தொடங்குவது என்று பலவிதமாகப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று:

"ஆடிக் காற்று தெற்கு ரத வீதியின் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், கோமதி அம்மனின் திருமுகத்தைக் காண —"

நிறுத்திவிட்டேன். அன்று காற்றே இல்லை. இருந்திருந்தால் காமிரா ஆடியிருக்கும், எனக்கு நினைவிருக்கும்.

தொடக்கம் இரண்டு:

"செல்வமணி காமிராவைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். 'வழி விடுங்க வே, இது என்ன ஒங்க வீட்டு முத்தமா?' என்று அவள் போட்ட சத்தத்தில் —"

இந்தச் செல்வமணியை எனக்குப் பிடித்திருந்தது. என்னைவிடக் கொஞ்சம் உயரம் கொடுத்தேன். நல்ல குரல் கொடுத்தேன். ஒரு பக்கம் எழுதியதும் சிக்கல் வந்தது. செல்வமணியாக இருந்தால் நேற்று அண்ணாச்சி வாயைத் திறந்த உடனேயே உண்மையைச் சொல்லியிருப்பாள். பிறகு கதைக்கு வேலை இல்லை.

தொடக்கம் மூன்றில் படம் எடுப்பவரை ஆணாக்கினேன். "சிவனாண்டி என்ற வாலிபன்" என்று எழுதினேன். பத்திரிகைக்காரர்கள் எளிதாக நம்புவார்கள். ஆனால் அந்த வாலிபன் திருவிழாவை ஏன் முதலில் மாடிக் கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு படம் எடுத்தான் என்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆகவே நான் என்றே எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

3

தேவையான விவரங்கள்.

காமிரா என் மாமாவுடையது. அவருக்குக் கொழும்பில் கடை. யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றதை வாங்கி வந்தார். சாவி கொடுத்து ஓட்டும் பதினாறு மில்லிமீட்டர்க் காமிரா. மாமா அதை வைத்துத் தன் கடையை இரண்டு முறை படம் எடுத்தார். கடை கடையாகவே இருந்தது. அலுத்துப்போய் என்னிடம் கொடுத்தார். "நீ பௌதிகம் படிச்சவ. ஒனக்குத்தான் இது லாயக்கு" என்றார்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம். ஒளி எப்படி வளையும் என்று தெரியும். கூட்டத்தில் எப்படி நிற்பது என்று தெரியாது.

அப்பா சங்கரசுப்பு, வத்தல் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். மிளகாய் வத்தல். எங்கள் வீட்டில் யாரும் பேச்சைத் தும்மாமல் முடிப்பதில்லை. பரீட்சை முடிவு வந்த அன்று அப்பா சொன்னார்:

"படிப்பு முடிஞ்சாச்சு. இனி பி.டி. படிச்சிட்டு நம்மூர் ஸ்கூல்ல டீச்சர் வேல பாக்கதுதான் முறை."

"மதராசுக்கு..." என்றேன்.

"மதராசுல என்ன?"

அப்பாவின் அக்கா பார்வதியம்மாள் எங்களோடுதான் இருக்கிறாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே அத்தை பதில் சொன்னாள்.

"அவளுக்குப் படம் எடுக்கப் படிக்கணுமாம். தூக்கத்துல சொல்லுதா. முழிச்சிருக்கும்போது ஒங்கிட்டச் சொல்லப் பயம்."

அப்பா சிரித்தார். அது எனக்குப் பெரிய அதிர்ஷ்டம். சிரித்தபின் அவர் கோபப்பட மாட்டார்.

"செரி. ஒரு படம் எடு. நம்ம காசிட்டக் காட்டுவோம். அவன் நல்லாருக்குன்னான்னா மதராசுக்குப் போ. இல்லன்னா பி.டி.தான். பொறவு மூஞ்சியத் தூக்கிட்டு அலையக் கூடாது."

காசிராஜன் என் பெரியப்பா மகன். மதராஸில் ஒரு படக்கம்பெனியில் துணைக் காமிராக்காரர். கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடுமே, வெள்ளம், அணைக்கட்டு, தலைவர் வருகை, அந்த மாதிரிச் சின்னப் படங்கள் எடுக்கும் கம்பெனி.

எதை எடுப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆடி மாதம், சங்கரன்கோவில். தபசைத்தான் எடுக்க முடியும்.*

(*வெளியூர் வாசகர்களுக்கு: தவம் செய்த கோமதி அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுத்த நாள் ஆடித்தபசு. அம்மன் தெற்கு ரத வீதி மண்டபத்துக்கு வந்து காத்திருப்பாள். சாயங்காலம் சுவாமி எதிரே வருவார். திருவேங்கடம், இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல்காட்டு ஜனங்கள் வண்டி கட்டி வந்து, அந்த வருஷம் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சப்பரத்தின்மேல் வீசுவார்கள். ஊர்க்காரர்கள் இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போகலாம்.)

4

எங்கள் வீடு தெற்கு ரத வீதியில்தான். மத்தியானத்திலிருந்து மாடியில் நின்று எடுத்தேன். தலைகள், குடைகள், பறக்கும் பருத்தி. சுருளில் முக்கால் பாகம் அப்படியே தீர்ந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அத்தை மேலே வந்தாள்.

"ஏட்டி, இங்கன நின்னு என்னத்த எடுக்க? காக்காய்க்குப் படம் காட்டப் போறியா? கீழ எறங்கு."

"கூட்டமா இருக்கு அத்தை."

"திருவிழான்னா கூட்டமாத்தான் இருக்கும். ஆளில்லாத திருவிழா எங்கட்டி நடக்கு?"

மண்டபத்தை ஒட்டி எங்கள் மண்டி வண்டி நின்றது. மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அம்மனுக்கு வீச வத்தல் மூட்டை கொண்டுவந்த வண்டி. அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் ஏற்றிவிட்டாள். எனக்குப் பின்னால் அம்மன் சப்பரம். எனக்கு முன்னால், நான் இதுவரை எந்த வகுப்பிலும் எந்த வீதியிலும் பார்த்திராத அளவு முகங்கள்.

அத்தை போய்விட்டாள். சாவி கொடுத்தேன். காமிராவைக் கண்ணுக்கு வைத்தேன். பொத்தானை அழுத்தினேன். கண்களை மூடிக்கொண்டேன்.

(இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். படம் எடுப்பவர் கண்ணை மூடிக்கொண்டார் என்றால் வாசகர் அவரை எப்படி மதிப்பார்? இருந்தாலும் நடந்தது அது. லென்ஸுக்குக் கூச்சம் கிடையாது, அது பார்த்துக்கொண்டது.)

சாவி தீரும் வரை அப்படியே நின்றேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது போலத் தோன்றியது. எனக்குத்தான் காது அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். சாவி நின்றது. இறங்கி ஓடிவிட்டேன்.

சுருள் பம்பாய்க்குப் போய், கழுவி, திரும்பி வரப் புரட்டாசி ஆகிவிட்டது. எங்களிடம் புரொஜெக்டர் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். மாடியில் எடுத்தது சரியாக இருந்தது. கடைசிப் பகுதியில் பயந்துவிட்டேன். ஒரு கட்டமும் அடுத்த கட்டமும் ஒன்றாகவே இருந்தன. அதற்கடுத்ததும் அப்படியே. காமிரா சிக்கிக்கொண்டு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பதித்துவிட்டது என்று நினைத்து அழுதேன்.

பிறகு ஒரு மூலையில் ஒரு பருத்திப் பஞ்சைக் கவனித்தேன். யாரோ பின்னாலிருந்து வீசியது. அது ஒவ்வொரு கட்டத்திலும் மயிரிழை மயிரிழையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் காமிரா ஓடியிருக்கிறது. கூட்டம்தான் நின்றிருக்கிறது.

ஏன் என்பது அன்றே புரிந்துவிட்டது. மறுநாள் வெளிவாசலில் நின்றபோது உறுதியும் ஆகிவிட்டது. ஆனால் அதைச் சொல்லப்போவதில்லை என்று ஒன்றாம் பகுதியிலேயே

(வாக்கியத்தை முடிக்கவில்லை. உங்களுக்கே தெரியும்.)

5

நேற்று.

சரஸ்வதி பூஜைக்கு வந்த அண்ணாச்சி, கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் புரொஜெக்டரைக் கொண்டுவந்திருந்தார். எதிர்த்த வரிசைத் தையல்கடை கபீரிடம் அகலமான வெள்ளைத் துணி வாங்கிச் சுவரில் அடித்தோம். அப்பா நாற்காலியில். அத்தை தூணில் சாய்ந்து. நான் கதவுக்குப் பக்கத்தில்.

மாடியில் எடுத்த பகுதி ஓடியது.

"எங்கன நின்னு எடுத்த?" என்றார் அண்ணாச்சி.

"மாடியில."

"தெரியுது. வெறும் தலையும் குடையும். இதுல எவனுக்கு வேர்க்கு, எவளுக்குக் கால் கடுக்கு, ஏதாவது தெரியுதா? திருவிழாக் கூட்டமும் சந்தைக் கூட்டமும் மேல நின்னு பாத்தா ஒண்ணுதான். எறங்கணும் மக்கா. மொகம் தெரியணும். பொறவு கை. பொறவு கால். அப்பத்தான் பாக்குதவனுக்கு நாமளும் உள்ள நிக்கோம்னு தோணும்."

நான் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

"அப்பொறம் இது என்ன, இந்த வீசு வீசுத? ஆடு தொலஞ்சுபோனவன் தேடுத மாதிரி? ஒரு எடத்துல காமிராவ நிறுத்து. கூட்டம் ஒன்னத் தாண்டிப் போகட்டும்."

"ஏலே காசி, சத்தம் எங்க?" என்றாள் அத்தை.

"இது ஊமப்படம் அத்தை. சத்தத்துக்கு வேற மிசினு."

"நாயனம் இல்ல, வெடி இல்ல, 'பிள்ளயக் காணலையே'ன்னு ஒருத்தி கத்தல. இது என்ன தபசு? எழவு வீட்டுல கூட இதவிடச் சத்தமா இருக்கும்."

"அக்கா, பாக்க விடுங்க" என்றார் அப்பா.

இதுவரை கிடைத்த கருத்துகளைக் கூட்டினால் எனக்கு பி.டி.தான். அப்பாவும் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று அவர் கால் ஆடியதிலிருந்து தெரிந்தது.

பிறகு கடைசிப் பகுதி வந்தது.

துணி முழுவதும் முகங்கள். ஒன்றும் அசையவில்லை. அண்ணாச்சி புரொஜெக்டர் நின்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தார். அப்போது பஞ்சு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

சுருள் முடிந்து வெள்ளை வெளிச்சம் வந்தது. அவர் அந்தப் பகுதியை மட்டும் திரும்பச் சுற்றி இன்னொரு முறை போட்டார். இந்த முறை எழுந்து துணிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பாதி முகங்கள் அவருடைய சட்டைமேல் விழுந்தன.

"சித்தப்பா, இங்க பாருங்க. இவன் சட்டப் பொத்தானப் போடுதான். போட்டுட்டு அப்பிடியே நிக்கான். அம்மன் முன்னால தொறந்த நெஞ்சோட நிக்கக் கூசுது. இந்தப் பொம்பள பிள்ள மொகத்தத் தொடைக்கா பாருங்க, மொத ரெண்டு நொடியில. அம்மன் கண்ணுல பிள்ள பளிச்சுனு படணுமாம். தொடச்சுட்டு அவளும் செல மாதிரி ஆயிட்டா. இந்தக் கெழவன் மீசயத் தடவிட்டு நிக்கான். ஒருத்தன் அசையணுமே!"

அப்பாவின் கால் ஆடுவது நின்றது.

"பத்து வருசமாச் சுத்துதேன் சித்தப்பா. மதுர, திருச்செந்தூரு, ஸ்ரீரங்கம். இடிக்கான், தள்ளுதான், கத்துதான். அதெல்லாம் பீப்பாப் பீப்பாயா எடுத்தாச்சு. சாமி வாறதுக்கு முந்தி ஒரு நிமிசம் கூட்டமே மூச்ச அடக்கும்லா? அது மட்டும் எனக்கு ஆப்புடவே இல்ல. இந்தக் கழுத மொதச் சுருள்லயே புடிச்சிட்டு வந்துட்டா."

"காசி" என்றாள் அத்தை. "சாமி முன்னால எவன்லே துண்டத் தோள்ல போடுவான்? இடுப்புலல்லா கட்டுவான். இதுல ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாவனும் துண்ட நீவித் தோள்ல போட்டுருக்கான்."

"காலம் மாறிட்டு அத்தை."

"நம்மூர்லயா? போன வாரங்கூட ஒன் சித்தப்பன் கோயில் வாசல்ல துண்ட அவுத்துக் கட்டுனான். நீ மதராசுத் தண்ணியக் குடிச்சிட்டு வந்து எனக்குக் காலம் சொல்லுத."

"அக்கா, சும்மா இரிங்க. அவன் தொழில் தெரிஞ்சவன்" என்றார் அப்பா.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் துணியின் சுருக்கத்தைப் பார்த்தேன்.

அண்ணாச்சி சொன்னதன் சாரம் இது. அவருடைய டைரக்டர் தென்னாட்டுத் திருவிழாக்களைப் பற்றி ஒரு படம் தயாரிக்கிறார். இந்தப் பகுதியை அப்படியே அதன் கடைசியில் வைத்துவிடலாம். பின்னணியில் ஒரு கனத்த குரல், 'அன்னையின் திருமுன் அசைவற்று நிற்கும் ஆயிரம் இதயங்கள்' என்று பேசும். எனக்குக் கம்பெனியில் படத்தை வெட்டி ஒட்டும் அறையில் வேலை கிடைக்கும். அங்கே ஏற்கனவே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். தங்குவதற்கு அண்ணாச்சியின் வீடு.

"போவட்டும்" என்றார் அப்பா. "நான் சொன்ன வார்த்த சொன்னதுதான்."

நான் விரும்பியது முழுவதும் ஒரே மாலையில், கேட்காமலேயே, என் மடியில் வந்து விழுந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

6

இந்தப் பகுதியில் கதை நகராது. மன்னிக்கவும்.

கல்லூரிச் சோதனைச்சாலையில் ஒருமுறை எனக்குச் சரியான விடை வந்தது. வழி தவறு, இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. ஆசிரியை முழு மதிப்பெண் போட்டார். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அது பிழையா என்று இன்றுவரை தெரியாது, ஏனென்றால் விடை சரிதான்.

நேற்றைய படத்தில் விடை எது?

கூட்டம் நின்றது. அது உண்மை. லென்ஸ் பார்த்தது. அந்த முகங்களில் இருப்பதும் பொய்யில்லை. அப்படி ஒரு நிதானம், ஒரு பயம், தன்னை முழுதாக ஒப்புக்கொடுத்துவிட்டு நிற்கிற ஒரு — [அடித்தது: சரணாகதி] [அடித்தது: தியானம்] ஒரு என்னவோ இருக்கிறது. பார்த்த அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது. காரணம் தெரிந்த எனக்கும் கலங்கியது. காரணம் தெரிந்தும் கலங்கினால், காரணம் எதற்கு?

இப்படி எழுதினால் சொல்ல வேண்டாம் என்றுதான் வருகிறது.

ஆனால் 'அன்னையின் திருமுன்' என்று அந்தக் கனத்த குரல் சொல்லும். மூச்சை அடக்கிய கூட்டம் இப்படித்தான் இருக்கும் என்று அதைப் பார்த்துப் படம் எடுக்கப் படிப்பவர்கள் நம்புவார்கள். அடுத்த வருஷம் அண்ணாச்சியே இங்கு வந்து அதே வண்டியில் ஏறி நின்று அந்த நிமிஷத்துக்காகக் காத்திருப்பார். அவருக்கும் கிடைக்கும்! அதே முகங்கள் கிடைக்கும். அதுதான் என்னை மிகவும் குழப்புகிறது.

(அண்ணாச்சி கோயிலிலிருந்து வந்துவிட்டார். கீழே அத்தையோடு பேசுகிற சத்தம் கேட்கிறது. புற்றுமண் பிரசாதத்தை எந்தத் தாளில் மடித்து மதராஸுக்கு எடுத்துப்போவது என்று சண்டை.)

7

முடிவுகள்.

முதல் முடிவில் செல்வமணியைத் திரும்பக் கூப்பிட்டேன். அவள் படபடவென்று இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரிக்கிறார். "இது இன்னும் நல்லாருக்கே!" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் மதராஸுக்குப் போகிறாள். எழுதியபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அண்ணாச்சி அப்படிச் சிரிப்பார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. பத்து வருஷம் தேடிய ஒன்றை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அது அது இல்லை என்றால், அவர் எதற்குச் சிரிப்பார்?

இரண்டாவது முடிவில் நான் சொல்லவில்லை. படம் கொட்டகைகளில் ஓடுகிறது. புளியங்குடிக் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் தன் முகத்தைத் திரையில் பார்த்துவிட்டு எழுந்து நின்று —

என்ன கத்துகிறார் என்று எழுதினால் காரணம் வெளியே வந்துவிடும்.

மூன்றாவது முடிவில் ரயிலில் பெட்டி தீப்பிடித்துச் சுருள் எரிந்துபோகிறது. யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இது எனக்கு மிகவும் வசதி. ஆனால் பதினாறு மில்லிமீட்டர்ச் சுருள் எளிதில் எரியாத ரகம். கொட்டகைச் சுருள்தான் பொசுக்கென்று பிடிக்கும். ரசாயனம் ஒத்துக்கொள்ளாத முடிவை நான் எழுத முடியாது.

நாலாவது முடிவில் அத்தை சொல்லிவிடுகிறாள். இதை எழுதவே இல்லை. அவள் பாதி கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். துண்டு அவளை விடாது. அவள் சொல்லிவிட்டால் நான் இந்தக் கதை முழுவதும் ஒரு வார்த்தையும் பேசாதவளாகவே இருந்துவிடுவேன்.

8

மேலே எழுதியதெல்லாம் நேற்று. ரயில் போய்விட்டது. இந்தப் பகுதியை இன்று எழுதுகிறேன்.

அப்பா குதிரைவண்டிக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அண்ணாச்சி பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றேன். கையில் ஏழு பகுதிகளும் இருந்தன. அவரிடம் கொடுத்து, ரயிலில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம் என ஒரு யோசனை. அதில் காரணமே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

வாசலில் கபீர் வந்தார். துணியை வாங்கிப்போக வந்தவர். கழுத்தில் அளவு நாடா.

"ஐயா இருக்காகளா? துணி கழட்டியாச்சா?" என்றவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "என்னம்மா, நம்ம விசயம் என்னாச்சு? ஆடி முடிஞ்சு ஐப்பசி வந்துட்டு. வீட்டுல ஆமினா தெனம் கேக்கா."

"என்ன விசயம் வே?" என்றார் அண்ணாச்சி, வாரிலிருந்து நிமிராமல்.

நான் கபீரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். மிக லேசாக. அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் தையல்காரர், வீட்டுப் பெண்கள் எதை வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார்களோ அதைச் சொல்லாமல் இருந்து பழகியவர்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒரு அளவு எடுக்க வேண்டியது. மெல்லப் பாத்துக்கிடலாம்."

துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். ஆபத்து வந்தது, போய்விட்டது. இனி யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அத்தை கூட அடுக்களையில் இருந்தாள். அப்பா அண்ணாச்சியிடம், "தை பொறந்ததும் நானே கூட்டிட்டு வாரேன். பிள்ளைக்குச் சளி புடிக்கும், வெந்நீர் குடுக்கச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அப்படிக் குரல் தாழ்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மதராஸ் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. அண்ணாச்சி பெட்டியைத் தூக்கினார்.

"அண்ணாச்சி."

என் குரல்தான். அப்பா பேச்சை நிறுத்தினார். இந்த வீட்டில் நான் யாரையும் முதலில் கூப்பிட்டதில்லை. அத்தை அடுக்களைக் கதவுக்கு வந்துவிட்டாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று பேர் பார்ப்பதே எனக்கு அதிகம்.

"என்ன மக்கா?"

"அந்தக் கடைசிப் பகுதி..."

"அதுக்கு என்ன? பத்திரமா இருக்கு."

"அது நீங்க நெனைக்கது இல்ல."

அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றார்.

இதற்குப் பிறகு அண்ணாச்சி என்ன சொன்னார், அப்பாவின் வார்த்தை என்ன ஆயிற்று, பெட்டியிலிருந்து தகர டப்பா வெளியே வந்ததா, உள்ளேயே போனதா என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அதை வைத்து நான் சொன்னது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வீர்கள். எனக்கே தெரியாததை நீங்கள் அவ்வளவு எளிதாகத் தெரிந்துகொள்ளக் கூடாது. உங்களுக்குப் பிடித்த முடிவை ஏழாம் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். புதிதாகவும் போட்டுக்கொள்ளலாம். தீப்பிடிப்பது மட்டும் வேண்டாம்.

நான் சொன்னது இவ்வளவுதான். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"அவுக யாரும் அம்மனப் பாக்கல அண்ணாச்சி. நான் போட்டோப் புடிக்கேன்னு நெனச்சுட்டாக. அசஞ்சா மொகம் கலஞ்சுரும்னு மூச்சப் புடிச்சுட்டு நின்னாக. சுருள் வந்த மறுநாளு வாசல்ல வந்து நின்னு, எங்க படம் எப்ப வரும்னு கேட்டாக. அம்மன் எனக்குப் பின்னால இருந்தா. அம்புட்டுச் சனமும் என்னயத்தான் பாத்துச்சு."